ஸ்போர்ட்ஸ் காருக்குப் பணம் போடும் முன் அடியில் படுத்துப் பாருங்கள்

பஞ்சிகாவத்தையில் மோட்டார் உதிரிப்பாகம் விற்கும் எங்களிடம் கடந்த சில வருடங்களாக ஒரு புது வகை வாடிக்கையாளர் வருகின்றார். வயது இருபத்தைந்து, முப்பது இருக்கும். கையில் நல்ல தொழில், வீட்டில் ஓரளவு வசதி. கராஜில் பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வைத்திருப்பார். 2020 மார்ச் மாதம் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் கதவு திறந்தது. அப்போதும் வரியைக் கேட்டால் தலை சுற்றியது. இடையில் 2022 இல் டொலர் இருநூறு ரூபாவிலிருந்து முந்நூற்று அறுபதுக்குப் பாய்ந்தது. ஆகவே புதிய கார் வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, இருக்கும் காரையே மெருகேற்றுவோம் என்று பலரும் இறங்கிவிட்டார்கள். அது நல்ல யோசனைதான். ஆனால் பணத்தை எந்த வரிசையில் போடுகின்றோம் என்பதில்தான் இலாபமும் நட்டமும் இருக்கின்றன, சில வேளை உயிரும் இருக்கின்றது.

உதாரணத்துக்கு மஸ்டா ரோட்ஸ்டரை எடுத்துக்கொள்வோம். வெளிநாடுகளில் எம்.எக்ஸ்-5 என்று பெயர். முதலாவது தலைமுறைக் காரை ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்றார்கள். 1989 பெப்ரவரியில் சிக்காகோ கண்காட்சியில் முதன்முதலாகக் காட்டப்பட்ட இந்த இரண்டு ஆசனக் கார், 2016 ஏப்ரலில் பத்து இலட்சமாவது வாகனத்தை எட்டியது. நம் நாட்டில் எண்ணிக்கை கொஞ்சம்தான் என்றாலும், உலகம் முழுக்க ஓடுவதால் இதற்குப் பாகம் தேடுவது மற்ற ஸ்போர்ட்ஸ் கார்களை விட இலேசு.

இந்தக் காரின் பெருமை எஞ்சினில் இல்லை. 1600 சி.சி., 120 குதிரை வலு, அவ்வளவுதான். அதன் பெருமை இலேசான உடம்பிலும் கீழ்ப்பகுதியிலும் இருக்கின்றது. ஜப்பானில் விற்ற ஆரம்ப மொடலின் எடை ஏறத்தாழ 940 கிலோ. நான்கு சில்லுகளுக்கும் டபிள் விஷ்போன் சஸ்பென்ஷன். அதாவது ஒவ்வொரு சில்லையும் மேலே ஒரு கையும் கீழே ஒரு கையும் பிடித்துக் கொண்டிருக்கின்றன. பாதையில் சில்லு ஏறி இறங்கும்போதும், வளைவில் கார் சரியும்போதும், டயர் தரையில் தட்டையாகப் படிந்திருப்பதற்காகச் செய்த ஏற்பாடு இது. இதை ஏன் சொல்கின்றேன் என்றால், இத்தனை கைகளும் காரின் உடம்போடு சேரும் இடங்களில் எல்லாம் இறப்பர் புஷ் இருக்கின்றது. உட்பக்கத்தை மட்டும் எண்ணினாலே 16 வரும்.

தெஹிவளைப் பக்கத்து இளைஞர் ஒருவர், கணக்காளர், இந்தக் காரோடு கடைக்கு வந்தார். "ஹாஜியார், நல்ல கொயில் ஓவர் செட் ஒன்று வேணும். ஆறு இலட்சம் வரை போடலாம்" என்றார். கொயில் ஓவர் என்பது ஸ்பிரிங்கும் ஷொக் அப்சோபரும் ஒன்றாகச் சேர்ந்து, உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடியதாக வரும் செட். "மகன், இப்ப கார் என்ன செய்யுது?" என்று கேட்டேன். பள்ளத்தில் விழுந்தால் 'டொக்' என்று சத்தம் வருகின்றது, அறுபதுக்கு மேல் போனால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கின்றது, வளைவில் பின்பக்கம் நம் பேச்சைக் கேட்பதில்லை என்றார். அவர் சொன்ன மூன்றில் ஒன்று கூட ஸ்பிரிங்கின் குற்றம் அல்ல.

பக்கத்துக் கராஜ் பாஸ் காரை உயர்த்தி, ஒரு லீவர் கம்பியால் கைகளை நெம்பிக் காட்டினார். புஷ் இறப்பர் வெடித்து, நடுவிலுள்ள இரும்புக் குழாய் தனியாக ஆடியது. முப்பது வருட இறப்பர் வேறு எப்படி இருக்கும்? இப்படியான காருக்கு ஆறு இலட்சத்து கொயில் ஓவரைப் பூட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும். ஸ்பிரிங் கடினமாகக் கடினமாக, பாதையிலிருந்து வரும் அடி முழுவதும் அந்தச் செத்த இறப்பர்களுக்கே போகும்.

இந்த இடத்தில் எங்கள் தொழிலின் உள்விஷயம் ஒன்றைச் சொல்லிவிடுகின்றேன், சில நண்பர்கள் கோபித்தாலும் பரவாயில்லை. ஒரு செட் கொயில் ஓவர் விற்றால் கிடைக்கும் இலாபத்துக்கு எத்தனை புஷ் விற்க வேண்டும் என்று கணக்குப் பாருங்கள். அதோடு புஷ் விற்பது தொல்லை பிடித்த வேலை. அளவு பார்க்க வேண்டும், பொருந்தாவிட்டால் மாற்றிக் கொடுக்க வேண்டும். ஆகவே கடைக்காரர் தாமாக முன்வந்து புஷ்ஷை மாற்றுங்கள் என்று சொல்வது குறைவு. நீங்கள்தான் கேட்க வேண்டும்.

புஷ் மாற்றும்போது கவனிக்க வேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு. முதலாவது, இறப்பரா பொலியூரித்தேனா என்பது. பொலியூரித்தேன் கடினமானது, நீண்ட நாள் உழைக்கும், வளைவில் கார் உடனே பதில் சொல்லும். ஆனால் சரியான கிரீஸ் இடாமல் பூட்டினால் கீச்சிடும், பாதையின் அதிர்வும் உள்ளே வரும். நாளாந்தம் வேலைக்கு ஓட்டும் காருக்கு நான் அசல் இறப்பரையே சிபாரிசு செய்வேன். இரண்டாவது, இதைவிட முக்கியமானது. இறப்பர் புஷ்ஷின் போல்டை, கார் ஜாக்கில் தொங்கும்போது இறுக்கக் கூடாது. மெதுவாகப் பூட்டி, காரைச் சில்லுகளின் மேல் இறக்கி, எடை முழுவதும் விழுந்த பிறகே இறுக்க வேண்டும். தொங்கும்போதே இறுக்கினால், கார் கீழே வந்ததும் இறப்பர் முறுக்கப்பட்ட நிலையில் நிற்கும். அப்படியே ஓடி ஓடி, வருடக்கணக்கில் வர வேண்டியது மாதக்கணக்கில் கிழிந்துவிடும். பிறகு "ஹாஜியார் தந்த சாமான் சரியில்லை" என்று எங்களிடம் வருவார்கள்.

அடுத்தது ஷொக் அப்சோபர். பலர் நினைப்பது போல இது காரின் எடையைத் தாங்குவதில்லை. எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஸ்பிரிங் ஒரு முறை அமுங்கினால் பல முறை ஆடும். அந்த ஆட்டத்தை எண்ணெயின் தடையால் அடக்குவதே ஷொக்கின் வேலை. அது செத்துவிட்டால் டயர் பாதையில் ஒட்டி நிற்காமல் குதிக்கும், குதிக்கும் டயருக்குப் பிரேக்கும் பிடிக்காது, வளைவும் பிடிக்காது. மழை பெய்த கண்டி வீதியில் இதன் அர்த்தம் என்னவென்று நான் விளக்கத் தேவையில்லை.

நம் சந்தையில் ஷொக் நான்கு விதமாகக் கிடைக்கும். பெட்டியில் வரும் புதியது, ஹாஃப் கட்டிலிருந்து கழற்றிய பாவித்தது, உள்ளூரில் துளையிட்டு எண்ணெய் நிரப்பி ஒட்டியது, பெயர் பெற்ற கம்பனியின் பெட்டியில் வரும் போலி. மூன்றாவதைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிடலாம்: உள்ளேயுள்ள வால்வும் சீலும் தேய்ந்தபடியே இருக்க, எண்ணெயை மட்டும் மாற்றி என்ன பிரயோசனம்? ஹாஃப் கட் சாமானை நான் முற்றாக ஒதுக்கமாட்டேன். எஞ்சின், கியர்பொக்ஸ், கதவு, லைட் எல்லாம் நல்லதாகவே கிடைக்கின்றன, எங்கள் பிழைப்பும் அதில்தான் ஓடுகின்றது. ஆனால் ஷொக், புஷ், போல் ஜொயின்ட் போன்றவை ஓட ஓடத் தேய்பவை. ஜப்பானில் தேய்ந்ததை இங்கே காசு கொடுத்து வாங்குவதில் அர்த்தமில்லை. ஹொக்கைடோ போன்ற பனிப் பிரதேசங்களில் பாதைக்கு உப்புப் போடுவார்கள். அங்கே ஓடிய காரின் அடிப்பாகங்கள் வெளியே பெயின்ட் அடித்திருந்தாலும் உள்ளே துருவேறி இருக்கும்.

பாவித்ததில் ஒரு விதிவிலக்கு உண்டு. ரோட்ஸ்டரின் 'எஸ் ஸ்பெஷல்' என்ற வகைக்குக் கம்பனியே பில்ஸ்டீன் ஷொக் பூட்டி அனுப்பியது. பில்ஸ்டீன் ஜேர்மன் கம்பனி. உயர் அழுத்த நைதரசன் வாயு அடைத்த ஒற்றைக் குழாய் ஷொக்கை 1957 இல் மேர்சிடஸ் பென்ஸுக்காகப் பெருமளவில் செய்ய ஆரம்பித்தவர்கள். இவ்வகை ஷொக்கை முறையான இடத்தில் திறந்து, சீல் மாற்றி, மீண்டும் வாயு அடைக்கலாம். அப்படிப் புதுப்பித்ததற்கான பற்றுச்சீட்டு இருந்தால் வாங்குங்கள். பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் அதுவும் பழைய இரும்புதான்.

இனி காரைத் தாழ்த்தும் விஷயம். இளைஞர்கள் கொயில் ஓவர் கேட்பதற்கு உண்மையான காரணம் பத்தில் எட்டுப் பேருக்கு இதுதான். கார் தரையோடு ஒட்டி நின்றால் அழகு என்கிறார்கள். அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் முதலாவது தலைமுறை ரோட்ஸ்டரில் சஸ்பென்ஷன் மேலும் கீழும் ஓடுவதற்கு இருக்கும் இடமே கொஞ்சம். அதன் முடிவில் பம்ப் ஸ்டொப் என்ற இறப்பர் கட்டை இருக்கின்றது. தாழ்ந்த ஸ்பிரிங்கை மட்டும் வாங்கிப் பூட்டினால், கார் ஸ்பிரிங்கில் ஓடுவதை விட்டுவிட்டு அந்தக் கட்டையிலேயே உட்கார்ந்து ஓடும். வளைவின் நடுவில் சிறு பள்ளம் வந்தால் சில்லு சட்டென்று பிடியை விடும். ஓட்டுபவர் இதை 'ஸ்போர்ட்ஸ் சஸ்பென்ஷன் அப்படித்தான் இறுக்கமாக இருக்கும்' என்று எண்ணிக்கொள்வார்! தாழ்த்தத்தான் வேண்டுமென்றால் கொஞ்சமாகத் தாழ்த்தி, அதற்குப் பொருத்தமான ஷொக்கும் பம்ப் ஸ்டொப்பும் சேர்த்துப் போட வேண்டும். 1998 இல் வந்த இரண்டாவது தலைமுறையின் மேல் மவுன்ட் முதலாவது தலைமுறைக்கும் பொருந்தும், ஓட்டத்துக்குச் சற்றுக் கூடுதல் இடமும் தரும். இணையத்தில் தேடும் பிள்ளைகளுக்கு இது தெரியும், கடைகளில்தான் பலருக்குத் தெரியாது.

ஸ்பிரிங்கை வெட்டும் வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எட்டுச் சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டினால் கடினம் ஏறத்தாழ 14 வீதம் கூடும், உயரமோ அதைவிட அதிகமாக இறங்கிவிடும். சிலர் காஸ் சுடரால் சுட்டு அமுக்குகின்றார்கள். சூடேறிய உருக்கு தன் பதத்தை இழந்துவிடும். அந்த ஸ்பிரிங் எப்போது, எந்தச் சந்தியில் உடையும் என்று யாருக்குத் தெரியும்? இதைச் செய்து தரும் கராஜுக்குப் போகாதீர்கள், செய்து கேட்கும் வாடிக்கையாளரை அனுப்பிவிடுங்கள் என்று எங்கள் பாஸ்மாருக்கும் சொல்லி வருகின்றேன்.

வளைவில் கார் சரிவதைக் குறைக்க ஆன்டி ரோல் பார் என்ற தடியைத் தடிப்பாக்குவது இன்னொரு வழி. இதில் சிறு மாற்றமே போதும். தடியின் கடினம் விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 19 மில்லிமீற்றர் தடிக்குப் பதில் 22 போட்டால் கடினம் கிட்டத்தட்ட 80 வீதம் கூடும். மூன்று மில்லிமீற்றர்தானே என்று எண்ண வேண்டாம்.

எதை மாற்றினாலும் கடைசியில் வீல் அலைன்மன்ட். இந்தக் காரில் முன் பின் இரண்டுக்கும் சரிபார்க்க இடம் உண்டு. அதற்கான கேம் போல்ட்டுகள் பழைய கார்களில் துருப்பிடித்து இறுகிக் கிடக்கும். அலைன்மன்ட் நிலையத்துக்குப் போகும் முன்பே அவை அசைகின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் "முன்பக்கம் மட்டும் செய்திருக்கின்றோம்" என்று சொல்லி முழுக் காசும் எடுப்பார்கள். தாழ்த்திய காரில் டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்கின்றது என்றால் அலைன்மன்ட் சரியில்லை என்று அர்த்தம். டயர் வாங்கும்போது பக்கச் சுவரில் முட்டை வடிவப் பெட்டிக்குள் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2319 என்றால் 2019 இன் 23 ஆவது கிழமை செய்தது.

இதையெல்லாம் கேட்டு அந்தக் கணக்காளர் தம்பி கொயில் ஓவரைத் தள்ளிவைத்தார். புஷ், போல் ஜொயின்ட், புதிய சாதாரண ஷொக் நான்கு, டயர் நான்கு, அலைன்மன்ட். ஆறு இலட்சம் முழுவதும் போகவில்லை. மஸ்டா கம்பனியே இதைத்தான் செய்கின்றது என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. முதலாவது தலைமுறைக் காரைப் புதுப்பித்துக் கொடுக்கும் திட்டத்தை ஜப்பானில் 2017 இல் அறிவித்தபோது, அவர்கள் பாகங்களைப் பழையபடியே மீண்டும் செய்தார்கள். 185/60 அளவு 14 அங்குல டயரைக் கூடப் பிரிட்ஜ்ஸ்டோன் மூலம் அந்தக் காலத்து மாதிரியிலேயே செய்வித்தார்கள்.

இனி உள்ளே வருவோம். திறந்த கார் என்பதால் ரோட்ஸ்டரின் உள்ளகத்துக்கு முதல் எதிரி தண்ணீர். துணி ஹுட்டில் விழும் மழைநீர், ஆசனங்களுக்குப் பின்னால் இரு பக்கமும் உள்ள துளைகள் வழியாகக் கீழே இறங்கும்படி அமைத்திருக்கின்றார்கள். இலையும் மண்ணும் சேர்ந்து துளை அடைபட்டால் தண்ணீர் கார்பெட்டுக்கு வரும், கதவுக்குக் கீழேயுள்ள பெட்டித் தகட்டையும் உள்ளிருந்தே துரு தின்னும். புதிய கார்பெட், தோல் சீட் என்று குஷன் வேலைக்குக் கொடுக்கும் முன், ஒரு போத்தல் தண்ணீரை அந்தத் துளையில் ஊற்றி, காருக்கு அடியில் வருகின்றதா என்று பாருங்கள். செலவில்லாத வேலை இது. ஹுட்டின் பின் ஜன்னல் பிளாஸ்டிக் மஞ்சளாகி இருந்தால், இரண்டாவது தலைமுறையின் கண்ணாடி ஜன்னல் ஹுட் இதற்கும் பொருந்தும்.

ஆசனத்தில் பணம் போடுவது வீண் செலவல்ல. உடம்பை இறுக்கிப் பிடிக்கும் ஆசனம் இருந்தால் ஸ்டியரிங்கில் தொங்க வேண்டியதில்லை. ஆனால் ரெகாரோ, பிரைட் என்ற பெயர்களில் போலி ஆசனங்கள் உலகம் முழுக்க ஓடுகின்றன. துணியும் தையலும் அசலைப் போலவே இருக்கும், உள்ளேயுள்ள சட்டம்தான் வேறு. பின்னாலிருந்து ஒரு வான் வந்து மோதினால் முதுகைத் தாங்க வேண்டியது அந்தச் சட்டம். அசல் வாங்க வசதியில்லையென்றால் கம்பனி ஆசனத்தையே வைத்துக்கொண்டு, பஞ்சு மாற்றி, உறை தைத்துக்கொள்ளுங்கள். உயரமானவர்கள் பஞ்சைக் கொஞ்சம் வெட்டித் தாழ உட்காரும் வழக்கம் இந்தக் காரில் வெளிநாடுகளிலும் உண்டு. நம் வெயிலுக்குக் கறுப்புத் தோல் கொதிக்கும், மலிவான ரெக்ஸின் வெடிக்கும். மிருதுவான சூயிட் வகைத் துணியை ஸ்டியரிங்கில் சுற்றினால் வியர்வையில் ஊறி ஆறு மாதத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

ஸ்டியரிங் சில்லு மாற்றுவதில்தான் எனக்குப் பயம். எயார் பேக் இல்லாத ஆரம்ப கால ரோட்ஸ்டர் என்றால் பிரச்சினையில்லை. 1990 இல் வந்த 'வி ஸ்பெஷல்' வகைக்குக் கம்பனியே இத்தாலியின் நார்டி மரச் சில்லைப் பூட்டி, மண்ணிறத் தோல் ஆசனமும் போட்டுக் கொடுத்தது. எயார் பேக் உள்ள காரில் அதைக் கழற்றிவிட்டு அழகுச் சில்லு பூட்டுவது வேறு விஷயம். எச்சரிக்கை விளக்கு எரியாமலிருக்க ஒரு ரெசிஸ்டரைச் செருகிவிடுகின்றார்கள். காரை அடுத்து வாங்குபவர், விளக்கு எரியவில்லையே, எயார் பேக் நல்லது என்று நம்பித் தன் பிள்ளை குட்டிகளை ஏற்றுவார். இதைச் சொல்லாமல் விற்பது வியாபாரமா?

அதைவிடக் கொடுமை, ஹாஃப் கட்டிலிருந்து கழற்றிய எயார் பேக்கை வாங்கிப் பூட்டுவது. டகாட்டா என்ற ஜப்பான் கம்பனியின் எயார் பேக்குகள் உலகம் முழுவதும் கோடிக்கணக்கில் திரும்பப் பெறப்பட்டதையும், 2017 இல் அக்கம்பனி வங்குரோத்தானதையும் வாசகர்கள் அறிந்திருப்பீர்கள். உள்ளே போட்ட அமோனியம் நைத்திரேற்று, வெப்பமும் ஈரப்பதமும் உள்ள நாடுகளில் வருடக்கணக்கில் பழுதாகி, வெடிக்கும்போது இரும்புத் துண்டுகளைச் சாரதியின் மேல் எறிந்தது. வெப்பமும் ஈரமும் என்றால் நம் நாட்டைத்தானே சொல்கின்றார்கள்! பாவித்த எயார் பேக்கை நான் கடையில் ஏற்றுவதில்லை. மஞ்சள் நிறக் கனெக்டரைக் கண்டால் மீற்றர் வைத்துக்கூடப் பார்க்க வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுங்கள்.

பந்தயக் கார் போல நான்கு முனைப் பட்டி போடுவதும் இப்போது ஒரு மோகம். கூரையில்லாத காரில், ரோல் பார் இல்லாமல் அதைக் கட்டிக்கொண்டு கார் கவிழ்ந்தால், உடம்பு சாய முடியாமல் நிமிர்ந்தபடியே நிற்கும், தலைதான் பாதையில் படும். கம்பனி தந்த மூன்று முனை ஆசனப் பட்டியை விடாதீர்கள். ஆசனம் மாற்றும்போது அந்தப் பட்டியின் பிடி உறுதியாக இரும்போடு பூட்டப்பட்டிருக்கின்றதா என்று கையால் இழுத்துப் பாருங்கள்.

மாற்றங்களைக் காப்புறுதிக் கம்பனிக்கு எழுத்தில் அறிவித்துப் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். விபத்துக்குப் பிறகு மதிப்பீட்டாளர் தாமாகக் கண்டுபிடிப்பதை விட அது நல்லது. கழற்றிய அசல் பாகங்களை, விசேடமாக ஸ்டியரிங் சில்லு, ஆசனம், ஸ்பிரிங், கியர் தலை ஆகியவற்றைப் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். விற்கும் நாளில் இவ்வகைக் காரை வாங்க வருபவர் முதலில் கேட்பது அதைத்தான். ஈரமில்லாத இடத்தில், துணியில் சுற்றி, எந்தத் திகதியில் கழற்றியது என்று ஒரு துண்டில் எழுதி வைத்தால் போதும். சூப்பர்மார்க்கெட் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு முடிந்து வைக்க வேண்டாம், வியர்த்துத் துருப்பிடிக்கும்.